மகள் பஸ் ஏறியதற்கு வட்டிலப்பம்

மாம்புரிச் சந்தியில் அன்று காலை நான் மோட்டர்சைக்கிளை நிறுத்தியது பெனரைப் பார்ப்பதற்காக அல்ல. நடு வீதியில் ஒரு கழுதை நின்றது. எங்கள் பக்கத்துக் கழுதைகளுக்கு ஹோர்ன் அடித்தால் கோபம் வரும். ஆகவே அடிக்காமல் காத்திருந்தேன். அது எதையோ மென்றுகொண்டிருந்தது. மேலேயிருந்து தொங்கிய ஒரு பெனரின் நுனி. அப்படியே அண்ணாந்து பார்த்தேன்.

இரண்டு லைட் கம்பங்களுக்கு நடுவே, வீதியின் முழு அகலத்துக்கும் இப்படி எழுதியிருந்தது:

"நோர்வே நாட்டில் தன்னந்தனியாகப் பஸ் ஏறி எமதூருக்குப் பெருமை சேர்த்த ரினோஸா அவர்களுக்கு உளமார்ந்த நல்வாழ்த்துகள்!"

ரினோஸா என் மகள்.

பெண் பிள்ளையின் படத்தைச் சந்தியில் தொங்கவிடக் கூடாது என்கிற அறிவு பெனர் அடித்தவருக்கு இருந்திருக்கிறது. அதனால் பஸ்ஸின் படத்தைப் போட்டிருந்தார். நோர்வே பஸ் கிடைக்கவில்லை போலும். எங்கள் புத்தளம் - கற்பிட்டி பஸ்தான். மிதிபலகையில் ஐந்து பேர் தொங்கினார்கள். வலது மூலையில், அன்பளிப்புச் செய்தவரின் படம் பஸ்ஸை விடப் பெரிதாக இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவர் என் மனைவியின் தம்பி பாறூக்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை படித்துக் கம்பஸுக்கு எடுபட்டால் பெனர் கட்டுவார்கள். ஹஜ்ஜுக்குப் போய் வந்தால் கட்டுவார்கள். பஸ் ஏறியதற்குக் கட்டியது, எனக்குத் தெரிந்து, அதுதான் முதல் தடவை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கழுதையைத் துரத்திவிட்டு, போனை எடுத்து, முழுப் பெனரும் வரும்படி பின்னுக்குப் போய் நின்று ஒரு படம் பிடித்தேன். நெஞ்சு நிறைந்துபோய் நின்றேன். அந்த வெட்கத்தைத்தான் இந்தக் கிழமை எழுதப்போகிறேன்.

மோட்டர் இல்லாத கிழமை

போன கிழமை இதே பத்திரிகையில், நான் திருத்தப் போன தண்ணீர் மோட்டருக்குள் பாம்பு இருந்த கதையை எழுதியிருந்தேன். அது வெளிவந்த பிறகு மூன்று தோட்டக்காரர்கள் தங்கள் மோட்டரை வேறு ஆளிடம் திருத்தக் கொடுத்துவிட்டார்கள். பாம்பை நான்தான் கொண்டுபோய்ப் போட்டது மாதிரி. ஆகவே இந்தக் கிழமை மோட்டர் இல்லை, மகள்தான்.

ரினோஸாவைக் கட்டிய மருமகன் இஃப்ஹாம் நோர்வேயில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மீன் பிடிக்கிற ஊரிலிருந்து இத்தனை கடல் தாண்டிப் போய் அங்கேயும் மீன். நல்ல பிள்ளை. காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போனால் பின்னேரம்தான் வீட்டுக்கு வருவார். அதுவரைக்கும் மகள் மூன்றாம் மாடியில் தனியாக இருப்பாள். போன நேரம் குளிர்காலம். பகல் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடுமாம்.

போன புதிதில் தினமும் வீடியோ கோல் எடுப்பாள். எடுத்துக் கொஞ்ச நேரத்தில் கெமராவை மேலே திருப்பிவிடுவாள். அழுவதை நாங்கள் பார்க்கக் கூடாதாம். நானும் என் மனைவி ஸபியாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நோர்வே வீட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த முகட்டில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. கிழமைக் கணக்கில் பார்த்ததில் எங்களுக்கு அது சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது.

"வெளிய கொஞ்சம் போய்ட்டு வாவன் மகள்" என்பாள் ஸபியா.

"போறேன் உம்மா" என்று முகடு சொல்லும்.

முதல் பாண்

ஒரு நாள் மகள் தனியாகக் கீழே இறங்கி, வீதியைக் கடந்து, கடையில் ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று கெமராவில் முகம் தெரிந்தது. பாணும் தெரிந்தது. எங்கள் பேக்கரிப் பாண் மாதிரி இல்லை, கறுப்பாக, செங்கல் மாதிரி இருந்தது.

"மாஷா அல்லாஹ்!" என்று ஸபியா போட்ட சத்தத்தில் குசினி வாசலில் நின்ற கோழி வேலிக்கு மேலால் பறந்தது. கோலை வைத்த கையோடு முட்டை உடைக்கத் தொடங்கினாள். பன்னிரண்டு முட்டை.

"என்ன விசேஷம்?" என்றேன்.

"மகள் பாண் வாங்கிட்டா."

"பாண் வாங்கினதுக்கு வட்டிலப்பமா?"

"அவ சின்னதில மொத அடி வெச்ச அண்டைக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

நான் ஒரு பை நிறைய டொஃபி வாங்கிக்கொண்டு போய்த் தோட்டம் தோட்டமாகக் கொடுத்திருந்தேன். அதை அவள் மறக்கவில்லை.

"அவ அங்க போய்த் திரும்பவும் புள்ளையாப் பொறந்திரிக்கா. நடக்க, கதைக்க, கடைக்குப் போக எல்லாம் புதுசாப் பழகுறா. அப்ப நாங்க செய்யிறதச் செய்யத்தானே வேணும்?"

சர்க்கரையைச் சீவிக் கொடுத்தேன். ஏலக்காய் இடித்தேன். ஆறு வீட்டுக்கு ஆறு பீங்கான் போனது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். யாராவது பீங்கானில் ஏதும் கொடுத்துவிட்டால், அந்தப் பீங்கானை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது. ஆகவே ஒன்றில் கத்தரிக்காய் வந்தது. ஒன்றில் கருவாடு. அடுத்த வளவுப் பிலோமினா அக்கா பட்டர் கேக் வைத்து அனுப்பினார். ஆனால் கேக் வந்தது அவருடைய பீங்கானில். அதை நாங்கள் வெறுமையாக அனுப்ப முடியுமா? இப்படியே அந்த ஒரு பாண் இரண்டு கிழமையாக வேலிக்கு மேலால் போய்வந்து கொண்டிருந்தது.

பாறூக் மச்சானைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருக்குத் தொழில் பாண் விற்பது. பாட்டுப் போட்டுக்கொண்டு வீடு வீடாக வரும் பாண் த்ரீவீலர் இருக்கிறதல்லவா, அது. மாம்புரியிலிருந்து எத்தாளை வரைக்கும் ஓடுவார். மேலே ஒரு லவுட்ஸ்பீக்கர். மருமகள் பாண் வாங்கினாள் என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கட ரத்தம் மச்சான்" என்றார். "எங்க போனாலும் பாண விடாது."

அன்று பின்னேரமே எத்தாளைக்கும் விஷயம் எட்டிவிட்டது.

கிழமைக்கு ஒரு வெற்றி

அதன் பிறகு வெற்றிகள் வரத் தொடங்கின. மேல் மாடிக் கிழவிக்கு மகள் அந்த நாட்டுப் பாஷையில் காலை வணக்கம் சொல்லிவிட்டாள்: ரவை அல்வா. வெற்றுப் போத்தல்களைப் போட்டால் காசாக மாற்றத் துண்டு தருகிற ஒரு மெசின் இருக்கிறதாம், அதில் தனியாகப் போய்ப் போட்டுவிட்டாள்: பால்சோறு. நிலக்கீழ் அறையில் பொது வோஷிங் மெசினை ஓட்டிவிட்டாள்: அதற்குத் தொதல். கையில் கொப்புளம் வரும்வரை கிண்டியது நான்.

வெள்ளிக்கிழமை வந்தால் சனம் கேட்கத் தொடங்கியது. தோட்டத்தில் கேட்டார்கள், பள்ளிவாசலில் கேட்டார்கள். "இந்தக் கிழமை புள்ள என்ன செஞ்சா?" ஒரு கிழமை ஒன்றும் இல்லையென்றால் முகம் வாடிப்போவார்கள். சிலர் பீங்கானோடே வந்து நின்றார்கள்.

நான் பெரிய ஆளாகிவிட்டேன். உண்மையைச் சொல்லவேண்டும். முப்பது வருடம் ஊரின் மோட்டரெல்லாம் திருத்தியும் கிடைக்காத கதிரை, மகள் போத்தல் போட்டதில் கிடைத்தது. தேத்தண்ணிக் கடையில் எழும்பி இடம் விட்டார்கள்.

நாற்பது கதவுகள்

நானும் வெளிநாட்டில் இருந்தவன்தான். வாலிப காலத்தில் இரண்டு வருடம் சவூதியில், ஒரு பேரீச்சந் தோட்டத்தில் மோட்டர் வேலை. தங்குமிடத்தில் ஒரே மாதிரி நாற்பது கதவுகள். என் அறை எதுவென்று எனக்குப் பிடிபடவே இல்லை. வேலை முடிந்து வந்து மற்றவர்களின் கதவைத் திறந்து, கட்டிலில் ஆள் கிடப்பதைக் கண்டு ஸலாம் சொல்லிவிட்டு ஓடிவருவேன்.

கடைசியில் பழைய சாரனில் ஒரு கீலம் கிழித்து என் கதவின் கைப்பிடியில் கட்டினேன். அன்று ஒரே தடவையில் சரியான அறைக்குள் போனேன். ஊரில் வீடு கட்டிக் குடிபுகுந்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருக்கவில்லை. மற்ற நாள் கங்காணி அதைப் பார்த்தார். நல்ல யோசனை என்று தலையாட்டினார். பின்னேரம் வந்து பார்த்தால் நாற்பது கதவிலும் ஒரே நிறத்தில் கீலம் தொங்கியது.

இதை நான் வீட்டுக்கு எழுதவில்லை. "அல்லாஹ்வின் உதவியால் நல்ல சுகமாக இருக்கிறேன், சாப்பாடு திறம், ஆட்களும் திறம்" என்றுதான் மாதா மாதம் எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள்.

மேலேயிருந்து எடுத்த படம்

பஸ்ஸுக்கு வருவோம். அங்கே பஸ் ஏறுவது பெரிய பாடு என்று மகள் சொல்லியிருந்தாள். டிக்கட்டைப் போனில் எடுக்க வேண்டும். சொன்ன நிமிஷத்துக்கு வந்து சொன்ன நிமிஷத்துக்குப் போய்விடும். கொண்டக்டர் இல்லை. ஒருவரும் ஒருவரோடும் கதைக்கமாட்டார்கள்.

எங்கள் பஸ்ஸில் அந்தக் கரைச்சல் இல்லை. ஏறுவதா வேண்டாமா என்று நீங்கள் யோசிக்கும் முன்பே கொண்டக்டர் கையைப் பிடித்து இழுத்துவிடுவார். உட்கார இடம் கிடைத்தால் மடியில் யாராவது ஒரு பிள்ளையை வைப்பார்கள், பிள்ளைக்கு மேல் மரக்கறிப் பையை வைப்பார்கள். பார்க்கப்போனால் என் மகள் பிறந்ததிலிருந்து ஒரு நாளும் பஸ் ஏறியதில்லை. பஸ்தான் அவளை ஏற்றியது.

ஆகவே "இண்டைக்குத் தனியா பஸ் ஏறினேன்" என்று குடும்ப வட்ஸ்அப்பில் வந்ததும், கூடவே பனிக்குள் நிற்கும் ஒரு பஸ்ஸின் படமும் வந்ததும், எங்கள் வளவு திருவிழாவானது. வட்டிலப்பம் இந்தத் தடவை ஆறு வீட்டுக்கல்ல, இருபது வீட்டுக்கு. பாறூக் மச்சான் பெனர் அடிக்க ஓடியதும் அன்றுதான்.

பிலோமினா அக்காவுக்கு நானே போய் அந்தப் படத்தைக் காட்டினேன். அவருடைய மகன் இத்தாலியில் ஒரு வயதான ஆளைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறான். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"தம்பி, இது மேல ஜன்னல்ல இருந்தெல்லோ எடுத்திருக்கு" என்றார்.

"அதனால என்ன அக்கா?"

"பஸ் ஏறப்போற பிள்ளை பஸ்ஸுக்குப் பக்கத்தில நிண்டு எடுக்கும். என்ட மகனும் போன முதல் வருஷம் இப்பிடித்தான் மேல இருந்து எடுத்து எடுத்து அனுப்பினான்." போனைத் திருப்பித் தந்து, "பிள்ளையோட தனியக் கதைச்சுப் பாரும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அடுத்தவர் பிள்ளையின் வெற்றி இவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அக்கா இதை வாசித்தால் என்னை மன்னிக்கவேண்டும்.

உண்மையில் எனக்கும் தெரிந்துதான் இருந்தது. மோட்டர் தண்ணீர் இழுக்காமல் வெறுமனே ஓடும்போது ஒரு சத்தம் வரும். லேசாக, கொஞ்சம் வேகமாக. கோலில் மகளின் சிரிப்பு கொஞ்ச நாளாக அப்படி இருந்தது. தெரிந்தும் நான் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில்தான் சந்தியில் பெனரைப் பார்த்தேன். பிறகு எங்கே கேட்பது?

பெருவிரல்

பெனர் கட்டிய சூட்டோடு பாறூக் மச்சான் வட்ஸ்அப்பில் மகளிடம் கேட்டார்: "பஸ் முடிஞ்சி. அடுத்தது கார்தானே மருமகள்?" மகள் மேலே தூக்கிய பெருவிரல் படம் ஒன்றைப் போட்டாள். மாமாவுக்கு வேறென்ன போடுவது?

பாறூக் மச்சான் அதை வைத்து, மருமகளுக்குக் கார் லைசன் கிடைத்துவிட்டது என்று எத்தாளை வரைக்கும் லவுட்ஸ்பீக்கரில் சொல்லிவிட்டார்.

"அவ லைசன் எண்டு சொல்லல்லயே மச்சான்" என்றேன்.

"இல்லாட்டி எதுக்கு விரலக் காட்டுற?"

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் வளவில் சாப்பாடு என்று அவரே நாள் குறித்தார். சஹன் சோறு. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது. பத்து சஹன், அறுபது பேர். ஆட்டையும் அவரே கொண்டுவந்து வாசலில் கட்டினார். நிறுத்தியிருக்க வேண்டியவன் நான். ஆட்டுக்குக் குழை வெட்டிப் போட்டேன்.

கிணற்றுக்குள்

அந்த வெள்ளிக்கிழமை காலை எத்தாளையில் ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குள் இருந்தேன். குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு அடைத்துவிட்டது. ஏணி வைத்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது தோளில் கட்டியிருந்த போன் அடித்தது. மகள். குடும்ப வட்ஸ்அப்பில் அல்ல, என்னுடைய நம்பருக்கு. அங்கே அப்போது விடியாத காலை.

"வாப்பா, தனியா இரிக்கீங்களா?"

"ஓம் மகள். கெணத்துக்குள்ள இரிக்கேன்."

"பகிடி விடாதீங்க வாப்பா."

"உண்மையாத்தான். சொல்லு."

"லைசன் ஒண்டும் இல்ல."

"அது எனக்குத் தெரியும். ஒங்க மாமாக்குத்தான் தெரியாது."

"பஸ்ஸும் இல்ல வாப்பா."

கிணற்றுக்குள் எல்லாமே இரண்டு தரம் கேட்கும். பஸ்ஸும் இல்ல வாப்பா என்பது இரண்டு தரம் கேட்டது.

"போத்தல் மெசின், வோஷிங் மெசின் எல்லாம் இஃப்ஹாம் செஞ்சது. நான் படம் மட்டும் கேட்டு எடுத்தேன். மேல் மாடிக் கெழவிக்குக் காலை வணக்கம் சொன்னது உண்ம. ஆனா அவக்குக் கேக்கல்ல. பாண் மட்டும்தான் முழுசா உண்ம."

எனக்குச் சிரிப்பு வந்தது. மேலேயிருந்து தோட்டக்காரர் எட்டிப் பார்த்து, "வேல சரியா, நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார். "இன்னம் இல்ல" என்றேன்.

"பாண் வாங்கின அடுத்த நாளும் கீழ போனேன் வாப்பா. கைப்பிடில கைய வெச்சேன். கதவத் தொறக்க ஏலல்ல. என்னமோ நெஞ்சு அடிக்கிது. அண்டைக்கு உம்மா கேக்குறா, 'இண்டைக்கு என்ன செஞ்சாய் மகள்?' எண்டு. ஊருக்கெல்லாம் வட்டிலப்பம் குடுத்திட்டா. நான் எப்பிடிச் சொல்ற, கதவத் தொறக்க ஏலல்ல எண்டு?"

"வந்திரு மகள். நான் டிக்கட் போடுறேன். இண்டைக்கே வந்திரு."

அப்போதுதான் அவள் அழுதாள். திருப்புவதற்குக் கெமரா இல்லாததால் முழு அழுகையும் கேட்டது.

"எப்பிடி வாற? பெனர் கட்டிட்டீங்களே! பஸ் ஏறினதுக்குப் பெனர் கட்டின ஊருக்கு நான் எந்த முகத்தோட வாற? இங்க வெளிய எறங்கவும் ஏலா, அங்க திரும்பி வரவும் ஏலா. ரெண்டு கதவையும் நீங்கதான் பூட்டிட்டீங்க வாப்பா."

என் வாழ்க்கையில் யாரும் எனக்குச் சொன்னதில் அதைப் போல நோவானது வேறில்லை. உண்மையாகவும் இருந்தது.

"நான் ஊருக்குச் சொல்லட்டா?" என்று கேட்டேன்.

"சொல்லுங்க வாப்பா. என்னால இனி ஏலா" என்றாள்.

பத்து சஹன்

வீட்டுக்கு வந்து முதலில் ஸபியாவிடம் சொன்னேன். சட்டிக்கு முன்னால் நின்றவள் அப்படியே தேங்காய் திருவும் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். அகப்பை கையிலேயே இருந்தது.

ஜும்ஆ முடிந்து சனம் வந்துவிட்டது. பத்து சஹனும் வைத்தாகிவிட்டது. நான் பாறூக் மச்சானின் த்ரீவீலரில் ஏறி மைக்கைப் போட்டேன். எந்தச் சுவிட்ச் என்று தெரியாமல் ஒன்றை அழுத்த, பாண்காரப் பாட்டு வளவு முழுக்கப் பாடியது. அறுபது பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடேயே சொல்லிவிட்டேன்.

"என்ட மகளுக்கு லைசன் கெடைக்கல்ல. பஸ்லயும் ஏறல்ல. அந்தப் புள்ளைக்கு வீட்ட விட்டு வெளிய போகவே பயம். நீங்க எல்லாரும் சந்தோசப்பட்டீங்க, அதக் கெடுக்க ஏலாம ஒண்டு ரெண்டு சொல்லிட்டா. மிச்சத்த நாங்க சொன்னோம். பெரிய பிழை என்டதான். எனக்கு முந்தியே வெளங்கிச்சு, வாய மூடிக்கிட்டு இருந்தேன். மாப்புத் தாங்க."

இறைச்சியில் ஈ மொய்த்தது. கடைசிச் சஹனிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அப்ப பாண்?"

"பாண் உண்ம."

"வேற ஆரும் வாங்கிக் குடுக்கல்லயே?"

"இல்ல. அவளேதான் போய் வாங்கினா."

பாறூக் மச்சான் எழும்பினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப பாணுக்காகச் சாப்பிடுவம்" என்றார். "பிஸ்மில்லாஹ் சொல்லுங்க, எறச்சி ஆறுது."

சாப்பிட்டார்கள். ஒரு றாத்தல் பாணுக்காக அறுபது பேர் ஒரு முழு ஆட்டைச் சாப்பிட்டார்கள். "பாணுக்கு ஆடு கொஞ்சம் கூடத்தான்" என்று ஒரு ஹாஜியார் சொன்னது காதில் விழுந்தது. சொல்லிவிட்டு அவரும் இரண்டாம் தரம் சோறு போடச் சொன்னார். போகும்போது ஒவ்வொருவரும், "புள்ளய ஏசாதீங்க நானா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று பின்னேரமே மச்சான் ஏணி வைத்து ஏறிப் பெனரைக் கழற்றினார். கழற்றியதை வீணாக்கவில்லை. மழை வந்தால் பாண் த்ரீவீலரைச் சுற்றி அதைத்தான் கட்டுகிறார், தன் முகம் வெளியே தெரியும்படி.

சனம் போன பிறகு ஸபியா போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். நான் கதவடியில் நின்றேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"நான் பஸ்ஸ வெச்சு என்ன செய்யப்போறன் மகள்?" என்றாள். "நீ ஏதாச்சும் செஞ்ச அண்டைக்குத்தான் முகத்தக் காட்டுறாய். மத்த நாளெல்லாம் முகடு. உன்ட முகத்தப் பாக்கோணும் எண்டுதான் நீ எதையாச்சும் செஞ்சிக்கிட்டே இரிக்கோணும் எண்டு துஆக் கேட்டேன். ஒண்டும் செய்யாட்டி கோல் எடுக்கக் கூடாது எண்டு நான் எப்ப சொன்னேன்?"

மறுமுனையில் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஸபியா மட்டும், "ஓம்... ஓம்... வாறதெண்டா வா, இரிக்கிறதெண்டா இரி, ரெண்டும் எங்களுக்குச் சந்தோசம்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஒண்டும் நடக்கல்ல

அதன் பிறகு மூன்று நாள் கோல் வரவில்லை. ஸபியா போனைக் குசினி அலுமாரியில் நிறுத்தி வைத்துவிட்டு அதைப் பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். நான் டிக்கட் விலை விசாரிக்கச் சிலாபம் வரை போய்வந்தேன்.

நாலாம் நாள் பகல் வந்தது. முகம் தெரிந்தது. தலை சீவவில்லை.

"என்ன மகள்?" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டோம்.

"ஒண்டும் நடக்கல்ல" என்றாள். "சும்மாதான் எடுத்தேன்."

ஒரு மணித்தியாலம் கதைத்தோம். என்ன கதைத்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோழியைப் பற்றிக் கொஞ்சம், தலைமயிர் கொட்டுவதைப் பற்றிக் கொஞ்சம். அடுத்த நாளும் சும்மா எடுத்தாள். அதற்கடுத்த நாளும். ஊரில் யாராவது "புள்ள என்ன செய்யிறா?" என்று கேட்டால், "சும்மா இரிக்கா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். முதலில் நாக்குக் கூசியது.

அவள் திரும்பி வரவில்லை. நாங்கள் வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று வாய் உன்னும். கடித்துக்கொள்வேன்.

நோன்புக்குக் கொஞ்சம் முந்தி என்று நினைக்கிறேன். ஒரு நாள் பகல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கோல் வந்தது, கெமரா இல்லாமல். பருப்புக் கறி தண்ணியாகப் போகிறது, ஏன் என்று கேட்டாள். ஸபியாவுக்குப் பிடித்த கேள்வி. போனைச் சோற்றுப் பீங்கானுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு விளக்கமாகச் சொல்லத் தொடங்கினாள்.

"தேங்காத் தண்ணிப்பால்ல அவிச்சி எடு. மொதல் பால் கடைசிலதான் விடோணும். விட்டுட்டுக் கொதிக்க விடாத..."

"பொறுங்க உம்மா, ஒரு நிமிஷம்" என்றாள் மகள். "எறங்கிற எடம் வந்திட்டு."

கதவு திறக்கிற மாதிரி ஒரு காற்றுச் சத்தம். யாரோ ஒரு ஆம்பிளை அந்த நாட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். மகள் ஏதோ திருப்பிச் சொன்னாள். பிறகு வெளிக்காற்று, நடை.

"ஓம், இப்ப சொல்லுங்க. மொதல் பால்?"

"மொதல் பால விட்டுட்டுக் கொதிக்க விடாத. திரஞ்சி போகும்" என்று ஸபியா விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பருப்பு அவ்வளவு முக்கியமாக இருந்தது.

நான் கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே இருந்தேன். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய், முகம் கழுவுகிற மாதிரி நின்று, ஆசை தீர அழுதேன்.

இன்றுவரை ஸபியாவுக்கு இதைச் சொல்லவில்லை. மகளிடமும் கேட்கவில்லை. பாறூக் மச்சான் பத்திரிகை வாசிக்கிற ஆளில்லை, அந்தப் பயம் இல்லை. ஸபியா மட்டும் இந்தப் பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பாள். ஆகவே இந்தக் கிழமைப் பத்திரிகையை நான் வீட்டுக்குக் கொண்டுபோகப் போவதில்லை. கேட்டால், கடையில் முடிந்துவிட்டது என்று சொல்வேன்.